டிஜி-6 + பிடி-059 ஹவுசிங்: முதல் டைவுக்கு முன்னாடி எப்படித் தயார் பண்றது?

வண்டலூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவும் அதுக்கான பிடி-059 ஹவுசிங்கும் (தண்ணி புகாத உறை) கையில் இருக்கு. ஜனவரி கடைசியில் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு டைவ் பண்ணப் போறேன். ஓபன் வாட்டர் லெவல்தான் (ஆரம்ப நிலை டைவிங் சான்றிதழ்), 18 மீட்டரைத் தாண்ட மாட்டேன். ஸ்ட்ரோப் (தனியா மாட்டுற வெளி ஃப்ளாஷ்) இன்னும் வாங்கலை.

கேமராவே 15 மீட்டர் தாங்கும்னு போட்டிருக்கு, அப்போ ஹவுசிங் உண்மையிலேயே தேவையா? மூடி விளிம்பில் இருக்கிற ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையம்) கிரீஸ் எவ்வளவு, ஒவ்வொரு டைவுக்கும் போடணுமா? உள்ளே ஆவி படிஞ்சு படம் மங்கிடும்னு சொல்றாங்களே, அதை எப்படித் தடுக்கிறது? கடைசியா, பார்க்கிற படமெல்லாம் ஒரே நீலமா, வெள்ளைப் புள்ளி புள்ளியா இருக்கே, அது செட்டிங் பிரச்சினையா, லைட் பிரச்சினையா? கையேட்டைப் படிச்சாச்சு. என்ன செய்யணும்னு இருக்கு, ஏன்னு இல்லை.

ஆழிவிழி

ஹவுசிங் வேணும். 15 மீட்டர்ங்கிறது ஸ்நார்க்கலிங்குக்குத் தாராளம், 18 மீட்டர் டைவுக்குப் பத்தாது. பிடி-059 45 மீட்டர் வரைக்கும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கு: ஹவுசிங்கில் நாலு சொட்டு கசிஞ்சாலும் உள்ளே இருக்கிறது தண்ணி தாங்கும் கேமராதான். ஆனா அதோட பேட்டரி மூடியும் கனெக்டர் மூடியும் லாக் ஆகியிருந்தால் மட்டும்தான் இந்தப் பேச்சு. ஹவுசிங்தான் இருக்கேன்னு அந்த லாக்கைப் பார்க்காம உள்ளே வைக்கிறவங்க நிறைய பேர்.

இப்போ அந்த "ஏன்". ஆழம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் (கரையில் இருக்கிற காத்தழுத்தம் அளவு) கூடும். 18 மீட்டரில் வெளியே 2.8 பார், உள்ளே நீங்க கரையில் மூடின 1 பார். வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.8 கிலோ. மூடி 10க்கு 12 செ.மீ.ன்னு வெச்சுக்கிட்டா மொத்தம் 200 கிலோவைத் தாண்டும். அவ்வளவு கனமும் மூடியை ஓ-ரிங் மேல இன்னும் அழுத்தத்தான் செய்யுது. அதனால சரியா மூடின ஹவுசிங் ஆழத்தில் கசியறது அபூர்வம். கசிவு வர்ற இடம் முதல் ஒண்ணு ரெண்டு மீட்டர், படகிலிருந்து குதிக்கிற நேரம், அப்புறம் கழுவுற தொட்டி. அங்கெல்லாம் மூடியை அழுத்திப் பிடிக்க வெளி அழுத்தம் இல்லை. ரிங் மேல ஒரு தலைமுடி கிடந்தால் போதும், அதை ஒட்டியே தண்ணி உள்ளே வந்துடும்.

வேலையை முந்தின நாள் ராத்திரியே முடிச்சுடுங்க. காலையில் படகு கிளம்புற அவசரத்தில் வேண்டாம். ஃபேனை நிறுத்திடுங்க, தூசியும் முடியும் பறக்கும். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு துண்டில் துடைக்காம காய விடுங்க, துண்டு நூல் விடும். ஓ-ரிங்கை எடுக்க சேஃப்டி பின், ஊசி, கத்தி எதுவும் கூடாது. பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தா ரிங் மாத்தியும் பிரயோஜனம் இல்லை. ரெண்டு கட்டைவிரலாலும் ரிங்கை எதிரெதிரா நகர்த்தினா நடுவில் கொஞ்சம் எழும்பும், அங்கே பிடிச்சு எடுங்க. வரலைன்னா பழைய ஏடிஎம் கார்டு மூலை சரியா இருக்கும்.

எடுத்த ரிங்கை இழுக்காம விரலிடுக்கில் முழுச் சுற்றும் ஓட்டுங்க. கண்ணுக்குத் தெரியாத மணலும் வெட்டும் விரலுக்குத் தெரியும். பள்ளத்தை மைக்ரோஃபைபர் துணியின் முனையால் துடைங்க. காது குடையுற பட்ஸ் வேண்டாம், அது நாரை அங்கேயே விட்டுட்டு வரும். ரிங் போய் உட்கார்ற எதிர்ப்பக்க விளிம்பையும் துடைக்கணும். பள்ளத்தைப் பளிச்சுனு வெச்சுக்கிட்டு இந்த விளிம்பை மறக்கிறதுதான் வழக்கமா நடக்குது.

கிரீஸ் அரை மிளகு அளவு போதும். விரலில் தேய்ச்சு, ரிங் பூரா ஒரு பளபளப்பு வந்தா நிறுத்திடுங்க. திட்டுத் திட்டாத் தெரிஞ்சா கூடிப்போச்சு. தண்ணியை நிறுத்துறது கிரீஸ் இல்லை, அழுந்தின ரப்பர்தான், குக்கர் கேஸ்கட் வேலை செய்யுற மாதிரி. ரப்பர் முறுக்காம வழுக்கி உட்காரத்தான் கிரீஸ். அதிகமாப் போட்டா முடியையும் மணலையும் பிடிச்சு வைக்கும். ஹவுசிங்கோட வந்த கிரீஸ் தவிர வேற போடாதீங்க. சில ரிங்குகள் சிலிக்கான் ரப்பர்ல செய்யறாங்க, கடையில் கிடைக்கிற பொது சிலிக்கான் கிரீஸ் பட்டா அது உப்பிடும். வேசலின், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 மூணும் கூடவே கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, ராத்திரியில், கழற்றிச் சுத்தம் பண்ணினா போதும். ரெண்டு டைவுக்கு நடுவில் திறக்கலைன்னா தொடவே தொடாதீங்க. முழு சார்ஜ் பேட்டரியும் காலி கார்டும் போட்டா ரெண்டு டைவும் ஓடிடும், படகில் திறக்க வேண்டிய வேலையே வராது.

மூடுறதுக்கு முன்னாடி கேமராவோட கைப்பட்டையைக் கழற்றிடுங்க. இந்த மாதிரி சின்ன கேமராக்களில் அந்தப் பட்டை நூல் விளிம்பில் மாட்டியே பல ஹவுசிங்குகள் நனையுது. மூடினதும் வெளிச்சத்தில் பிடிச்சு, கண்ணாடி மாதிரி இருக்கிற உடம்பு வழியா ரிங்கைச் சுத்திப் பாருங்க. அழுந்தின இடம் ஒரே அகலக் கோடாத் தெரியணும். எங்கேயாவது கோடு மெலிஞ்சாலோ அறுந்தாலோ அங்கே ஏதோ கிடக்குன்னு அர்த்தம். திறந்து பாருங்க. அப்புறம் ஷட்டர், ஜூம், ஆன்-ஆஃப், மோடு டயல் எல்லாத்தையும் ஒரு தடவை இயக்குங்க. டயல் சரியா மாட்டலைன்னா வெளியே சுத்தும், உள்ளே சுத்தாது. இதைத் தண்ணிக்கடியில் கண்டுபிடிச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

உப்புக்காற்று

ஆவிக்கு மட்டும் நான் சொல்றேன்.

உள்ளே அடைபட்ட காத்தில் இருக்கிற ஈரம்தான் முன் கண்ணாடியில் படியுது. ஹேவ்லாக் தண்ணி ஒண்ணும் குளிர்ந்த தண்ணி இல்லை, 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்புறம் ஏன் படியுதுன்னா, படகில் வெயில் படற மாதிரி வெச்சுடறாங்க. உள்ளே நல்லா சூடேறும், கேமரா ஓடற சூடும் சேரும். குதிச்சதும் கண்ணாடி மட்டும் சட்டுனு குளிரும், உள்ளே இருக்கிற ஈரம் அங்கே போய் ஒட்டிக்கும். அதனால ஹவுசிங்கை நிழலில், ஈரத்துணி போர்த்தி வைங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி நல்ல தண்ணித் தொட்டியில் ரெண்டு நிமிஷம் முக்கி வெச்சா, ஆவி படியுதா இல்லையான்னு மேலேயே தெரிஞ்சுடும்.

மூடறது ஏசி ரூமில். அரை மணி நேரம் ஏசி ஓடின பிறகு, ஹவுசிங்கையும் கேமராவையும் திறந்து அதே காத்தில் வெச்சிருந்து மூடுங்க. உள்ளே ஒரு கிராம் சிலிக்கா ஜெல் பை ஒண்ணு ரெண்டு. லென்ஸ் நகர்ற வழியிலும் விளிம்பிலும் படாம, கேமராவுக்கு அடியில். நிறம் மாறும் மணியா இருந்தா எப்போ தீர்ந்துச்சுன்னு தெரியும். பைக்குப் பதிலா அரிசி போடறேன்னு ஆரம்பிக்காதீங்க. தவிட்டுத் தூசி நேரா ஓ-ரிங்குக்குத்தான் போகும். ஏசியிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி வெளிப்பக்கம் மங்கினா பயப்பட வேண்டாம், அது துடைச்சா போயிடும்.

வண்டலூர்வாசி

ரொம்ப நன்றி. கிரீஸ் அடைப்பான் இல்லைங்கிறது எனக்குப் புதுசு. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டில் சோதனை பண்ண முடியுமா? பக்கெட் போதுமா, நீச்சல்குளம் தேடணுமா?

ஆழிவிழி

பக்கெட்டே நல்ல சோதனை. கசிவு ஆழமில்லாத இடத்தில்தான் வரும்னு சொன்னேனே, அதுக்கு பக்கெட் போதும். கேமராவை எடுத்துட்டு உள்ளே மடிச்ச டிஷ்யூ பேப்பர் ஒண்ணு வைங்க. காலி ஹவுசிங் மிதக்கும், மேலே துணியில் சுத்தின கல் வெச்சு அமுக்கி அரை மணி நேரம் விடுங்க. நடுவில் எல்லா பட்டனையும் பத்துப் பதினைஞ்சு தடவை அழுத்துங்க. வெளியே எடுத்ததும் முதலில் நல்லாத் துடைச்சுட்டுத்தான் திறக்கணும். இல்லைன்னா விளிம்பிலிருந்து சொட்டுற தண்ணியைக் கசிவுன்னு நினைச்சுடுவீங்க. திறக்கும்போது மூடி கீழ்ப்பக்கம் இருக்கட்டும், சொட்டு வெளியே விழும்.

ஹேவ்லாக்கில் முதல் டைவுக்கு கேமராவோட குதிக்காம, இறங்கின பிறகு அதைப் படகிலிருந்து கையில் வாங்கிக்கோங்க. இறங்கற கயிற்றில் 3 மீட்டரில் நின்னு அரை நிமிஷம் பாருங்க. உள்ளே தண்ணித் திவலையோ, விளிம்பிலிருந்து தொடர்ந்து சின்னக் குமிழோ வந்தா மேலே கொடுத்துட்டு டைவைத் தொடருங்க. முதல் ஒரு நிமிஷம் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த காத்து குமிழா வரும். அது வேற, நின்னுடும்.

திருமலை_நீர்

ஒரு விசயம் சேர்க்கிறன். இலங்கையில நிலாவெளி மாதிரிக் கரையிலிருந்து நடந்து இறங்குற இடங்களில கடல் அலை அடிக்கேக்க மணல் கலங்கி நிக்கும். அந்த மணல்தான் பட்டன் தண்டுக்குள்ள போய் இறுகும், பிறகு பட்டன் அழுத்தினா மேலே வராது. அலை முறியுற இடத்தைத் தாண்டும் மட்டும் கெமராவை நெஞ்சோட அணைச்சுப் பிடியுங்கோ, பட்டன் ஒண்டும் அமத்தாதேங்கோ.

கழுவுற தொட்டியில போட்டிட்டு சாப்பிடப் போகாதேங்கோ. மற்ற ஆக்களின்ர கெமராவும் லைட்டும் அதுக்குள்ள வந்து மோதும், மூடியைப் பூட்டுற கிளிப் இளகும். தனிச் சின்ன வாளியில நல்ல தண்ணியில அரை மணித்தியாலம் ஊற வையுங்கோ. ஊறேக்க ஒவ்வொரு பட்டனையும் திரும்பத் திரும்ப அமத்தினாத்தான் தண்டுக்குள்ள நிக்கிற உப்பு கரையும். உப்புக் காய்ஞ்சு பளிங்காப் போச்சுதெண்டா பிறகு என்ன கழுவினாலும் லேசில போகாது, அது உள் ரிங்கை அறுக்கும்.

பவளத்தரை

நீலமும் வெள்ளைப் புள்ளியும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

நீலம்: தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் உறிஞ்சும். 5 மீட்டரிலேயே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், பிறகு ஆரஞ்சு, அதற்குப் பிறகு மஞ்சள். இதில் ஆழத்தை மட்டும் கணக்கிடக் கூடாது. மீனிலிருந்து லென்ஸ் வரை உள்ள தூரமும் சேரும். 10 மீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு வெளிச்சம் 13 மீட்டர் தண்ணீரைக் கடந்து வருகிறது. ஆகவே எந்த செட்டிங்கையும் விட முதன்மையானது கிட்டே போவது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் ஷட்டரை அழுத்தாமல் இருப்பதே நல்லது. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கையில் எல்லாம் கால்பங்கு கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். கண் "கிட்டே வந்துவிட்டேன்" என்று சொல்லும்போது இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும். அதே காரணத்தால் லென்ஸின் அகலமும் சுருங்குகிறது: டிஜி-6-இன் 25 மி.மீ. கோணம் தண்ணீருக்குள் ஏறத்தாழ 33 மி.மீ. போல நடந்துகொள்ளும்.

ஸ்ட்ரோப் இல்லாமல் எடுப்பதானால் ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். டிஜி-6-இல் தண்ணீருக்கான ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன் செட்டிங்) மூன்று உண்டு: ஆழமில்லாதது, நடுத்தரம், ஆழமானது. அவற்றையும் விட நல்லது, வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் கேப்சர் ஒயிட் பேலன்ஸ் எடுப்பது. 3, 4 மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் மறுபடி எடுக்க வேண்டும். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப், லைட்ஹவுஸ் போன்ற ஆழமில்லாத இடங்களில் காலை 10 மணிக்கு மேல் இதை வைத்தே நல்ல நிறம் எடுக்கலாம். 15 மீட்டருக்குக் கீழே சிவப்பு வெளிச்சமே இல்லை. இல்லாததை ஒயிட் பேலன்ஸ் கொண்டுவராது, சிவப்பு ஃபில்டரும் கொண்டுவராது. அங்கே செயற்கை வெளிச்சம்தான் வழி.

இந்தக் கேமராவில் ஷட்டர் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்க முடியாது என்பது தெரிந்திருக்கட்டும். ஏ மோடில் வைத்து அப்பெர்ச்சரை (லென்ஸ் துவாரம்) திறந்தே விடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சவரம்பை 800-இல் நிறுத்தி, எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) மைனஸ் 0.3 அல்லது 0.7 வையுங்கள். அகலக் கோணத்தில் எஃப் 8 என்று ஒன்று காட்டும். அது உண்மையில் சின்னத் துவாரம் இல்லை, உள்ளே இருக்கும் கறுப்பு ஃபில்டர். தண்ணீருக்குள் அதைப் போட்டால் வெளிச்சம் மட்டும் குறையும், கூர்மை கூடாது.

வெள்ளைப் புள்ளி: லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் மிதக்கும் துகள்களில் ஃப்ளாஷ் பட்டுத் திரும்புவது. கேமராவின் சொந்த ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் நடுவில் உள்ள அத்தனை துகளையும் நேராக விளக்கேற்றிக் காட்டுகிறது. ஸ்ட்ரோப் வாங்கும் வரை ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். ஒரே விதிவிலக்கு மைக்ரோஸ்கோப் மோடு. லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை குவியும் என்பதால் நடுவில் தண்ணீரே இருக்காது, துகளும் இருக்காது. கடல் அட்டை மேல் ஒட்டியிருக்கும் சின்ன நண்டு, நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) எல்லாம் இந்தக் கேமராவுக்கென்றே அமைந்தவை. டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

ஸ்ட்ரோப் வாங்கினால் ஒளியிழை கேபிளில் இயங்குவதை வாங்குங்கள், ஹவுசிங்கில் துளை போட வேண்டியதில்லை. கேமரா ஃப்ளாஷ் அந்த இழை வழியாக ஸ்ட்ரோபைத் தூண்டும். கேமரா ஃப்ளாஷின் சொந்த வெளிச்சம் முன்னால் கசியாமல் மறைத்துவிட வேண்டும். ஸ்ட்ரோபின் முகம் ஹவுசிங் கண்ணாடிக்கு முன்னால் வரக் கூடாது, கொஞ்சம் பின்னால், ஒரு முழம் பக்கவாட்டில். நேராக மீனைப் பார்க்காமல் சற்றே வெளிப்பக்கம் திருப்புங்கள். வெளிச்சக் கூம்பின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தால் மீனைத் தொட வேண்டும். நடுவில் இருக்கும் துகள்கள் இருட்டிலேயே நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். படம் எடுக்கும் ஆர்வத்தில் பவளத்தைப் பிடித்து நிற்பவர்களை எல்லா டைவிலும் பார்க்கலாம். கடின பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை. துடுப்பு பட்டு ஒடியும் கிளை திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். மிதப்புக் கட்டுப்பாடு கைவரும் வரை கேமராவை பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று ஜாக்கெட்) கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், முதல் டைவில் படமே எடுக்க வேண்டாம். பல டைவ் சென்டர்களும் இதையேதான் கேட்பார்கள்.

கோவை_மிரர்லெஸ்

இந்த விவாதத்திலேயே கேட்டுடறேன். சோனி ஏ6400, 16-50 கிட் லென்ஸ், சீஃப்ராக்ஸ் ஹவுசிங். டோம் போர்ட் (லென்ஸ் முன்னாடி வர்ற அரைக்கோளக் கண்ணாடி) வாங்கணுமா? வாக்குவம் பம்ப் (உள்காத்தை இழுத்துக் கசிவு சோதிக்கிறது) அவசியமா?

ஆழிவிழி

உங்க கேமரா தண்ணி தாங்காது, அதனால வாக்குவம் அவசியம்னே சொல்லுவேன். பிடி-059இல் அதுக்கு வால்வே இல்லை, உங்களதில் மாட்ட முடியும். மூடினதும் கைப்பம்பால் காத்தை இழுத்து, கசிவு காட்டுற விளக்கு பச்சை ஆனதும் குறைஞ்சது அரை மணி நேரம் அப்படியே விடுங்க. பச்சையாவே இருந்தா சீல் சரி. ஏசியில் இழுத்துட்டு வெயிலுக்குக் கொண்டுபோனா உள் காத்து விரிஞ்சு, கசியாமலே எச்சரிக்கை வரலாம். சூடான இடத்தில் இழுத்து ஏசியில் வெச்சா சின்னக் கசிவு மறைஞ்சும் போகலாம். அதனால இழுத்த இடத்திலேயே வெச்சுச் சோதிங்க. பாஸ் ஆன பிறகு திறந்தீங்கன்னா முதலிலிருந்து.

டோம், அகலக் கோணத்துக்கு வேணும். ஆனா தண்ணிக்குள் டோமே ஒரு லென்ஸா மாறிடும். தூரத்தில் இருக்கிறது எல்லாம் டோம் பரப்பிலிருந்து அதன் ஆரத்தைப் போல மூணு மடங்கு தூரத்துக்குள்ள பிம்பமா வந்து நிக்கும். 6 அங்குல அரைக்கோள டோமுக்கு அது வெறும் 23 செ.மீ. லென்ஸ் அந்தக் கிட்டத்தில் குவியணும். உங்க 16-50 அகலப் பக்கம் 25 செ.மீ. வரை குவியும். அந்த 25 கேமரா சென்சாரிலிருந்து அளக்கிறது, 23 டோம் பரப்பிலிருந்து. அதனால பிழைச்சீங்க. ஓரங்கள் மங்கும், எஃப் 8லிருந்து 11 வரை வைங்க.

வண்டலூர்வாசி

கடைசியா ரெண்டு. விமானத்தில் ஹவுசிங்கை எப்படிக் கொண்டுபோறது? உண்மையிலேயே தண்ணி புகுந்துட்டா என்ன பண்ணணும்?

ஆழிவிழி

இறுக்கி மூடிக் கொண்டுபோகாதீங்க. தரையில் மூடினா உள்ளே 1 பார், கேபினில் அதைவிடக் குறைவு. மூடியும் பட்டனும் வெளிப்பக்கமாத் தள்ளப்படும். அவை வெளியிலிருந்து உள்நோக்கி வர்ற அழுத்தத்துக்காகச் செஞ்சவை. ஓ-ரிங்கைக் கழற்றி ஜிப் கவரில் போட்டு, கிளிப்பை மாட்டாம துணிக்கு நடுவில் வைங்க. லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான்.

தண்ணி புகுந்தா முதல் விதி: கேமராவுக்காக வேகமா மேலே ஏறாதீங்க. வழக்கமான வேகம், வழக்கமான சேஃப்டி ஸ்டாப் (மேலே வர்ற வழியில் கொஞ்ச நேரம் நிக்கிறது). கேமரா போனா வாங்கிக்கலாம். மேலே வந்ததும் ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. ஹவுசிங்கை முகத்துக்கு எதிரே வெச்சுத் திறக்கவும் கூடாது, நனைஞ்ச பேட்டரி வாயு விட்டு உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கலாம். டிஜி-6ஐ மூடிகள் மூடின நிலையிலேயே நல்ல தண்ணியில் கழுவித் துடைச்சுக் காய வெச்சு, அப்புறம் மூடியைத் திறங்க. உள்ளே காஞ்சிருந்தா ஒண்ணும் ஆகலை. பேட்டரி அறைக்குள்ள கடல் தண்ணி போயிருந்தா அந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் பண்ணவே கூடாது, ரூமுக்குள்ளேயும் வைக்காதீங்க, தனியா வெளியே வைங்க. கார்டை நல்ல தண்ணியில் அலசிக் காய வெச்சா பெரும்பாலும் படங்கள் கிடைச்சுடும்.

மெயின் ஓ-ரிங்கை வருஷத்துக்கு ஒண்ணு மாத்தணும், பார்க்க நல்லா இருந்தாலும். உதிரி ஒண்ணை இங்கேயே வாங்கிக் கொண்டுபோங்க. ஹேவ்லாக் போய் இந்த மாடலுக்குத் தேடிக்கலாம்னு விட்டுடாதீங்க.